கல்லில் விழுந்த அடியும் தேய்ந்த விளிம்பும்

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருக்கும் கற்கருவிகளின் கீழே ‘சுரண்டி’, ‘துளைப்பான்’, ‘கத்தி’ என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். பார்ப்பவர் அதைப் பயன்பாட்டுத் தகவலாகவே எடுத்துக்கொள்கிறார். இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவத்தைப் பார்த்து வைத்தவை. முனை வளைந்து தடித்திருந்தால் சுரண்டி, கூர்ந்திருந்தால் துளைப்பான். அதை வைத்து யாரேனும் எதையேனும் சுரண்டினார்களா என்று சோதித்துவிட்டு வைத்த பெயர்கள் அல்ல அவை.

ஒரு கற்கருவியிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். எப்படிச் செய்தார்கள்? எதற்குப் பயன்படுத்தினார்கள்? செய்திகளில் இரண்டுக்கும் பதில் ஒரே உறுதியோடு வந்து விழுகிறது. ஆனால் முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் பாறை உடையும் விதிகளிலிருந்து வருவது. நன்றாகப் பழகிய கண்ணுக்கு அதில் சந்தேகம் குறைவு. இரண்டாவது பதில் ஒப்பீட்டில் பிறப்பது. இன்று நாம் தேய்த்துப் பார்த்த கல்லும் அன்று அவர்கள் தேய்த்த கல்லும் ஒத்திருக்கின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, கருவி கைவிட்டுப் போன பிறகு பல்லாயிரம் ஆண்டுகள் மண்ணும் தன் பங்குக்கு அதைக் கீறியிருக்கும். எந்தக் கீறல் யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இந்த ஆய்வின் பாடெல்லாம்.

முதலில் கல்லைப் பற்றி. சிக்கிமுக்கிக் கல் பெரும்பாலும் சாக் எனப்படும் வெண்சுண்ணப் பாறைக்குள் கட்டிகட்டியாக விளைகிறது. டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் கடலடியில் படிந்த அந்தச் சேற்றில், கடற்பஞ்சு போன்ற உயிர்களின் உடலிலிருந்த சிலிக்கா கரைந்து, மறுபடியும் இறுகிக் கல்லானது. தென்கிழக்கு இங்கிலாந்து, வடக்கு பிரான்ஸ், டென்மார்க் எல்லாம் இதற்குப் பேர்போன இடங்கள். உள்ளே இருப்பது குவார்ட்ஸ்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய படிகங்கள். அதனால் அடியின் விசை எந்தத் திசையிலும் தடையில்லாமல் ஒரே மாதிரி பாய்கிறது. மரத்துக்கு இருப்பது போன்ற இழையோட்டம் இதற்கு இல்லை. அடிப்பவர் நினைத்த பக்கம் உடையும். இரும்பைக் கீறும் கடினம், புதிதாக உடைந்த விளிம்பில் தோலை வழுக்கிக்கொண்டு போகும் கூர்மை. கல் யுகத்து மனிதர்கள் இதற்காக நிலத்தில் குழி தோண்டிச் சுரங்கம் அமைத்ததும் உண்டு.

நம் ஊரில் இந்தக் கல் கிடையாது என்றே சொல்லலாம். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கருவியும், சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடாரிகளும் (காம்பில்லாமல் கையிலேயே பிடிக்கும், இருபுறமும் செதுக்கிய கருவிகள்) குவார்ட்சைட். மணல் மணலாகத் தெரியும் அந்தப் பாறையில், ஐரோப்பியப் பாடநூல்கள் பார்க்கச் சொல்லும் நுண்ணிய அலைவரிகள் மங்கித்தான் தெரியும். கற்கருவி ஆய்வின் இலக்கணம் பெருமளவு சிக்கிமுக்கிக் கல்லின் மேல் எழுதப்பட்டது என்பதை நம்மவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதே இலக்கணத்தை வைத்து நம் கற்களைப் பார்த்துவிட்டு ‘தடம் தெளிவில்லை’ என்று ஒதுக்குவது கல்லின் குற்றம் அல்ல.

ஜன்னல் கண்ணாடியில் சிறு குண்டு பட்டால் மறுபுறம் கூம்பு வடிவில் ஒரு துண்டு பெயர்ந்து விழுமே, சிக்கிமுக்கிக் கல்லிலும் அதேதான் நடக்கிறது. விளிம்புக்கு அருகில் அடித்தால் கூம்பின் ஒரு பகுதி மட்டும் உருவாகி, அதன் தொடர்ச்சியாக ஒரு சில்லு பிரிகிறது. அந்தச் சில்லின் உட்புறத்தில், அடி விழுந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பு இருக்கும். ஆய்வாளர்கள் அதைக் குமிழ் என்கிறார்கள். அதிலிருந்து குளத்து அலை போல வட்ட வரிகள் விரியும்; ஓரங்களில் மயிரிழை போன்ற விரிசல்கள் அடிபட்ட புள்ளியை நோக்கிக் கோடிட்டுக் காட்டும். குமிழின் மேலேயே சில நேரம் ஒரு குட்டிச் செதில் பெயர்ந்த குழி இருக்கும். தாய்க்கல்லில் இதன் எதிர் அச்சு பதிந்திருக்கும்: புடைப்புக்குப் பதில் பள்ளம்.

இவ்வளவும் தெரிந்துவிட்டால் ஒரு கருவியின் மேல் ஏறி இறங்கிப் படிக்கலாம். ஒவ்வொரு சில்லு பெயர்ந்த வடுவிலும் அலைவரிகளைப் பார்த்து அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம். இரண்டு வடுக்கள் சந்திக்கும் முகட்டில் எது மற்றதை வெட்டிக்கொண்டு போகிறது என்று பார்த்தால் எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியும். ஒரு கைக்கோடாரியின் இரு பக்கத்திலும் உள்ள பல வடுக்களை இப்படி வரிசைப்படுத்தலாம். எந்த இடத்தில் கல்லைத் திருப்பிப் பிடித்தார், எங்கே ஒரு அடி தவறிப் படியாக உடைந்து நின்றது, அதைச் சரிசெய்ய எந்தப் பக்கத்திலிருந்து மறுபடி முயன்றார் என்பதெல்லாம் வெளிப்படும். தொல்லியல் ஓவியர்கள் கருவியை வரையும்போது வடுக்களுக்குள் வளைவு வளைவாகக் கோடு போடுவது அழகுக்காக அல்ல. அடியின் திசையைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள்.

அடித்த சுத்தியலைப் பற்றியும் ஓரளவு சொல்லலாம். கடினமான கூழாங்கல்லால் அடித்தால் குமிழ் துருத்திக்கொண்டு நிற்கும், சில்லு தடிமனாக வரும். மான்கொம்பு, எலும்பு, மரம் போன்ற மென்மையான பொருளால் அடித்தால் குமிழ் பரந்து மங்கும், சில்லு மெல்லியதாக அகலும், அடிபட்ட ஓரத்தில் சிறு உதடு மடிந்திருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் மென்மையான சுண்ணாம்புக்கல் சுத்தியல் ஒன்று இருக்கிறது. அது இரு பக்க அடையாளங்களையும் கலந்துகாட்டும். ஒரே ஒரு சில்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது கொம்புச் சுத்தியல்’ என்று அடித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். நூறு சில்லுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னால் காது கொடுக்கலாம்.

செய்முறைத் தடங்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம், சசெக்ஸில் உள்ள பாக்ஸ்குரோவ் நல்ல சாட்சி. சிச்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சரளைக்கல் குவாரி அது. ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே சாக் பாறை முகடு ஒன்றின் அடியில் கடலோரச் சதுப்பு வெளி இருந்தது. நுண்ணிய வண்டல் மெதுவாக மூடியதால் சில்லுகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. 1980களிலும் 90களிலும் மார்க் ராபர்ட்ஸ் தலைமையில் நடந்த அகழாய்வில், ஒரே குதிரையை அறுத்துப் பங்கிட்ட இடம் ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றிக் குவியல் குவியலாகச் சிக்கிமுக்கிச் சில்லுகள். ஒவ்வொரு குவியலும் ஒருவர் குந்தி உட்கார்ந்து கல் செதுக்கிய இடம்.

ஆய்வாளர்கள் அந்தச் சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். பல ஆண்டு பிடித்த வேலை. பொருத்திய கட்டிக்குள் வெற்றிடம் ஒன்று மிஞ்சியது, அது கைக்கோடாரியின் உருவம். கருவியை அவர்கள் கையோடு எடுத்துப்போய்விட்டார்கள். கழிவு மட்டும் இருக்க, கழிவை வைத்தே காணாமல் போன கருவியின் அளவையும் வடிவத்தையும் சொல்ல முடிந்தது. அதே இடத்தில் குதிரையின் எலும்புகள் சில சுத்தியலாகப் பயன்பட்டிருந்ததும் தெரியவந்தது. ஐரோப்பாவில் அறியப்பட்ட மிகப் பழைய எலும்புக் கருவிகளில் அவை சேரும். மென்சுத்தியல் என்று சில்லுகளைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு, சுத்தியலே வந்து சாட்சி சொன்னது மாதிரி ஆயிற்று. பாக்ஸ்குரோவ் கைக்கோடாரிகள் பலவற்றில் இன்னொரு கையெழுத்தும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு நுனியில் பக்கவாட்டாக ஓர் அடி கொடுத்து, நீளமாக ஒரு சில்லை உரித்து, சவரக்கத்தி போன்ற விளிம்பை உண்டாக்கியிருக்கிறார்கள். அந்தக் கடைசி அடியைக் கெடுத்தால் அதுவரை செய்த வேலை வீண். துணிந்து அடித்திருக்கிறார்கள்.

சில்லுகளைப் பொருத்தும் உத்தி புதிதல்ல. அன்று கென்ட் மாவட்டத்தில் இருந்த கிரேஃபோர்டில் ஸ்பரெல் என்பவர் 1880இலேயே இதைச் செய்துகாட்டினார். அவர் பெயர் பின்னால் மறுபடி வரும்.

இனி, மனிதக் கையே படாத ‘கருவிகள்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஐட்டம் (Ightham) கிராமத்து மளிகைக் கடைக்காரர் பெஞ்சமின் ஹாரிசன் சுற்றுவட்டக் குன்றுகளில் ஓரம் சிதைந்த கற்களைச் சேகரித்து, மனிதன் செய்த முதல் கருவிகள் இவை என்றார். ஜோசப் பிரெஸ்ட்விச் போன்ற பெரிய நிலவியலாளரே அவர் பக்கம் நின்றார். ‘இயோலித்’ என்று பெயர் சூட்டி, பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. 1905இல் பிரெஞ்சுத் தொல்லுயிரியலாளர் மார்செலின் பூல், மாந்த் நகரின் சிமென்ட் ஆலைக்குப் போனார். அங்கே தொட்டியில் சாக்கோடு சேர்த்துச் சுழற்றப்படும் சிக்கிமுக்கிக் கட்டிகள் ஒன்றோடொன்று மோதி, அச்சு அசல் இயோலித்துகளாக வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தன. ஆலை இயந்திரத்துக்கு நோக்கம் ஏது?

1939இல் ஆல்ஃபிரட் பார்ன்ஸ் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். வேண்டுமென்று அடிப்பவர் சில்லு எளிதாகக் கழலும் கூர்ங்கோணத்தைத் தேடி அடிப்பார். மண்ணழுத்தமும் மோதலும் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை, விரிகோணங்கள் நிறைய இருக்கும். ஒரு கல்லை மட்டும் அளந்து பயனில்லை, ஒரு தொகுதியை முழுக்க அளக்க வேண்டும். இன்றும் ஓர் ஏர்க்கலப்பை, ஒரு மாட்டுக் குளம்பு, அகழாய்வாளரின் கொத்துக்கரண்டி எல்லாம் விளிம்பில் ‘திருத்தம்’ செய்துவிட்டுப் போகும். கரண்டி பட்ட இடத்தில் உலோகக் கோடு மின்னும், புதிதாகப் பெயர்ந்த வடுவின் நிறம் சுற்றியுள்ள பழைய மேற்பரப்பின் நிறத்தோடு ஒட்டாது. இந்த நிற வேறுபாட்டைத்தான் போலிக் கருவிகளைப் பிடிக்கவும் பார்ப்பார்கள். விக்டோரியா காலத்தில் ‘ஃபிளிண்ட் ஜாக்’ என்ற எட்வர்ட் சிம்சன் இரும்புச் சுத்தியலால் அம்புமுனைகளைச் செய்து அருங்காட்சியகங்களுக்கே விற்றவர். 1862இல் லண்டனில் அறிஞர்கள் கூடிய அவையில் எப்படிச் செய்கிறேன் என்று செய்தும் காட்டினார். ஆய்வாளர்கள் கல் செதுக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியத்தை முதலில் உணர்த்தியது ஒரு மோசடிக்காரர்தான் என்பது எனக்குப் பிடித்த முரண்.

இப்போது கடினமான பாதிக்கு வருகிறேன்: பயன்பாடு.

விளிம்பு தேய்வது மூன்று வகையில் தெரியும். நுண்சில்லுகள் உதிர்ந்த வடுக்கள், கோடுகோடான கீறல்கள், மினுக்கம். இவற்றை முறையாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் லெனின்கிராடைச் சேர்ந்த செர்கேய் செமியோனோவ். அவருடைய நூல் 1957இல் ரஷ்ய மொழியில் வந்து, 1964இல் ஆங்கிலத்துக்குப் போன பிறகுதான் மேற்கத்தியர் விழித்துக்கொண்டார்கள். செமியோனோவ் கீறல்களின் திசையை முக்கியமாகப் பார்த்தார். விளிம்புக்கு இணையாகக் கீறல் ஓடினால் அறுத்தது, செங்குத்தாக ஓடினால் சுரண்டியது, முனையைச் சுற்றி வட்டமாகப் போனால் துளைத்தது. உருவத்தை விட்டுவிட்டு அசைவைத் தேடிய முதல் பெரிய முயற்சி இது.

அதற்குப் பின் வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் குறைந்த உருப்பெருக்கத்தில் நுண்சில்லு வடுக்களை எண்ணினார்கள். எந்த அசைவு, தொட்ட பொருள் மென்மையா கடினமா என்ற அளவோடு நின்றார்கள். மறு சாரார் சில நூறு மடங்கு பெரிதாக்கி மினுக்கத்தைப் பார்த்தார்கள். லாரன்ஸ் கீலி இதில் முன்னோடி. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமான மினுக்கத்தை விட்டுப்போகும் என்பது அவர் கட்சி. மரம் வழவழவென்று மேடுகளை உருட்டும். எலும்பு குழிகள் விழுந்த பளபளப்பைத் தரும். தோல் மங்கலான, சொரசொரப்பான படலத்தைத் தந்து விளிம்பையே உருண்டையாக்கிவிடும். புல்லும் தானியத் தாளும் வெறுங்கண்ணுக்கே கண்ணாடியாக மின்னும். மேற்காசியாவின் பழைய அரிவாள் அலகுகளில் காணும் அந்த மினுக்கத்தை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில், கிரேஃபோர்டு சில்லுகளைப் பொருத்திய அதே ஸ்பரெல் ஒருவர். 1892இலேயே வெவ்வேறு பொருள்களை அறுத்துப் பார்த்து, தானியத் தாளால் வருவது இது என்று எழுதினார்.

1977இல் மார்க் நியூகமர் என்ற கல் செதுக்கும் நிபுணர் 15 கருவிகளைச் செய்து, எதற்குப் பயன்படுத்தினேன் என்று சொல்லாமல் கீலியிடம் கொடுத்தார். எந்த விளிம்பு வேலை செய்தது என்பதைக் கீலி நன்றாகக் கண்டுபிடித்தார். எந்த அசைவு என்பதில் அதைவிடச் சற்றுக் குறைவு, எந்தப் பொருள் என்பதில் இன்னும் குறைவு. ஆனாலும் குருட்டு ஊகத்தைவிடப் பல மடங்கு மேல். துறையே உற்சாகம் கொண்டது. 1986இல் அதே நியூகமர், வேறு இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து, மறுபடி சோதனைகள் வைத்தார். மினுக்கத்தை மட்டும் பார்த்துப் பொருளைச் சொல்வதில் விடைகள் ஏமாற்றமாக வந்தன. மினுக்கம் தொட்ட பொருளைப் பொறுத்தது மட்டுமல்ல. எவ்வளவு நேரம், எவ்வளவு ஈரம், நடுவே மண் துகள் கலந்ததா என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. கொஞ்ச நேரம் தேய்த்தால் எல்லாம் ஒரே பொதுவான மினுக்கமாகவே தெரியும். கீலி தரப்பினர் பதில் எழுதினார்கள், சோதனை முறையில் குறை கண்டார்கள். சண்டை ஓய்ந்தபோது இரு முறைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற நிலைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் சோதனையில் தெரிந்த அந்தப் படிவரிசை மட்டும் இன்றுவரை உண்மை: எந்த இடம் என்பதை நம்பலாம், எந்த அசைவு என்பதைப் பெரும்பாலும் நம்பலாம், எந்தப் பொருள் என்பதைக் கேட்டுக்கொள்ளலாம்.

இறைச்சி இதில் தனிச் சங்கடம். பச்சை இறைச்சியை அறுத்தால் மிக மெல்லிய தடமே விழும், அதுவும் நெடுநேரம் அறுத்தால்தான். ‘தடம் இல்லை’ என்பதை ‘பயன்படுத்தவில்லை’ என்று எழுதுவது தவறு. கல்லின் மேல் வெண்படலம் பூத்துவிட்டால் மேற்பரப்பே மாறிப்போய், மினுக்க ஆய்வுக்கு அந்தக் கருவி உதவாது. மண்ணுக்குள் உருண்டால் ‘மண் மினுக்கம்’ ஏறும், அது கருவி முழுவதும் ஒரே சீராக இருப்பதை வைத்து இனம் காணலாம். ஒரே பையில் பத்துக் கற்களைப் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துவந்தால் அந்தப் பயணமே விளிம்பைச் சிதைக்கும். தேய்மான ஆய்வாளர்கள் ஒவ்வொரு கல்லையும் தனித்தனிப் பையில் கேட்பதும், பல்துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவாதீர்கள் என்று மன்றாடுவதும் அதனால்தான். கழுவினால் ஒட்டியிருக்கும் பிசினோ நாரோ போய்விடும். 1980களில் கற்கருவிகளில் பழைய இரத்தத்தைக் கண்டதாக வந்த அறிக்கைகள் பெரிதாகப் பேசப்பட்டன, பிறகு அந்தச் சோதனைகளின் நம்பகத்தன்மை மேல் கேள்விகள் எழுந்தன. எச்சம் என்பது அழைக்கும்போதெல்லாம் வரும் சாட்சி அல்ல.

இன்னொன்றும் உண்டு, இது பலர் மறப்பது. கருவி மழுங்கினால் ஓரத்தைச் செதுக்கிக் கூர் ஏற்றுவார்கள். அப்படிச் செதுக்கும்போது அதுவரை சேர்ந்த தேய்மானம் முழுவதும் சில்லாகப் போய்விடும். நுண்ணோக்கியில் நாம் பார்ப்பது கடைசிக் கூருக்குப் பிறகு நடந்ததை மட்டும்தான்.

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும் இந்த ஆய்வு என்ன தரும் என்று காட்ட ஒருவர் இருக்கிறார். 1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில் பனிக்குள் உறைந்த உடலாகக் கிடைத்த ஊட்சி, ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவரிடம் செம்புக் கோடாரி இருந்தது, ஆனால் அன்றாட வேலைக்குக் கல்தான். சாம்பல்மரப் பிடி போட்ட குத்துவாள் ஒன்று, அம்புமுனை இரண்டு, சுரண்டி, துளைப்பான், சிறு சில்லு, இவற்றோடு கூர் ஏற்றுவதற்கென்று மரக்கட்டைக்குள் மான்கொம்பு முனை சொருகிய ஒரு கருவி. எல்லாம் ஒரே மனிதருடையவை. கல் யாருடையது, எந்தச் சூழலில் விழுந்தது என்ற சந்தேகமே இல்லை. இப்படி ஒரு வாய்ப்பு மிக அரிது. இங்கே கல் சிக்கிமுக்கியின் நெருங்கிய உறவான செர்ட். படிக்கும் முறை ஒன்றே.

2018இல் வெளியான விரிவான ஆய்வு, செய்த தடங்களையும் பயன்பட்ட தடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தது. கற்கள் தென் ஆல்ப்ஸில் குறைந்தது மூன்று வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்தவை. ஊட்சி கல் செதுக்கும் தொழிலாளி அல்ல. ஆனால் தன் கருவிகளுக்குக் கூர் ஏற்றிக்கொள்ளும் அளவு கைப்பழக்கம் இருந்தது, நடுத்தரத்துக்குச் சற்று மேல். வலக்கைக்காரர். கருவிகள் பெரும்பாலும் தாவரப் பொருள்களில் வேலை செய்திருந்தன. சுரண்டி என்றதும் தோல் பதனிடுவது நினைவுக்கு வரும் நமக்கு இது ஒரு சிறு தட்டு. மேலும், ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் ஆயுள் முடியும் தறுவாயில் இருந்தன. தேய்ந்து, கூர் ஏற்றி, மறுபடி தேய்ந்து, உடைந்து, சிறுத்துப்போனவை. நெடுநாளாக அவருக்குப் புதுக் கல் கிடைக்கவில்லை. அம்பறாத்தூணியில் இருந்த 14 அம்புகளில் இரண்டுக்கு மட்டுமே முனை இருந்தது, அந்த இரண்டும் உடைந்திருந்தன.

இதில் எது எவ்வளவு உறுதி என்று பிரித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. சிறுத்துப்போனது, கூர் ஏற்றியது, உடைந்தது ஆகியவை வடுக்களின் வரிசையிலிருந்து நேராக வருபவை. தாவரம் என்பது மினுக்கத்திலிருந்து வருவது. தாவர மினுக்கம் மற்றவற்றைவிடத் தெளிவானது என்பதால் நம்பலாம், ஆனால் எந்தத் தாவரம் என்று கேட்டால் பதில் தளர்ந்துவிடும். புதுக் கல் கிடைக்காமல் தவித்தார் என்பது இவை இரண்டின் மேலும் கட்டிய ஊகம். நல்ல ஊகம்தான். அலகில், அதாவது நீண்டு ஒடுங்கிய சில்லில், செய்த கருவிகளில் புதிதாகத் திருத்திய விளிம்புகள் தேய்மானமே இல்லாமல் இருந்தன. ஏதோ ஒரு வேலைக்குத் தயார் செய்துவிட்டு அதைத் தொடங்காமலே போயிருக்கிறார் என்கிறது ஆய்வு. இங்கே மட்டும் ‘தடம் இல்லை’ என்பது பொருள் தருகிறது. அதற்குக் காரணம், விளிம்பு எப்போது செதுக்கப்பட்டது என்பதைச் செய்முறை வடு சொல்லிவிட்டது. பக்கத்து விளிம்பிலோ தேய்மானம் நிறைய இருந்தது. செய்த தடம் துணைக்கு இல்லாவிட்டால் அந்த வெறும் விளிம்பை வைத்து ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

அவரோடு சேர்த்துப் பேசப்படும் கற்களில் இன்னொன்றும் இருக்கிறது. 2001இல் எக்ஸ்ரே எடுத்தபோது இடத்தோளில் ஓர் அம்புமுனை தெரிந்தது. அது இன்னும் உடலுக்குள்தான் இருக்கிறது. சிடி ஸ்கேனில் அதன் உருவத்தை அளந்திருக்கிறார்கள், மற்றபடி எந்த நுண்ணோக்கியும் அதன் விளிம்பைத் தொடவில்லை. எதற்குப் பயன்பட்டது என்பதில் சந்தேகமே எழாத கல் இந்தத் தொகுதியில் அது ஒன்றுதான். செய்தவர் யார் என்பதற்கு மட்டும் எந்த வடுவும் பதில் சொல்லாது.